மண்ணை அளந்துவிட்டுக் கேபிளை வாங்குங்கள்: நிலத்தடி மின்பாதைக்கு டெண்டர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

110 கிலோவோல்ட் முதல் 400 கிலோவோல்ட் வரையிலான நிலத்தடி மின்பாதைகளுக்கு டெண்டர் எழுதுகிறவர்களுக்கும், அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஆவணங்களில் கேபிளைப் பற்றிய பகுதியில் குறை சொல்ல அதிகமில்லை. கடத்தியின் பரப்பு, எக்ஸ்எல்பிஇ (குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன்) மின்காப்பின் தடிமன், உலோக உறை ஈயமா நெளிவு அலுமினியமா, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலைகளான ஐஇசி 60840 அல்லது ஐஇசி 62067 படி என்னென்ன சோதனை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேபிள் காலமெல்லாம் கிடக்கப்போகிற மண்ணுக்கு மட்டும் மூன்றே வரி: "ஆழம் 1.2 மீட்டர். மண்ணின் வெப்பத் தடைத்திறன் 1.0 எனக் கொள்க. மணல் பரப்பி மூடுக." (வெப்பத் தடைத்திறன் என்பது, சூடு வெளியேறுவதை மண் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு.) இந்த மூன்று வரியையும் மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறோம். மற்ற கோரிக்கைகள் அதற்கு அடுத்தவைதான்.

எக்ஸ்எல்பிஇ கேபிளின் கடத்தி தொடர்ந்து 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாகலாம். அந்த வரம்புக்குள் எத்தனை ஆம்பியர் ஓட்டலாம் என்பதைக் கடத்தியின் பரப்பு பாதிதான் தீர்மானிக்கிறது. மீதியைத் தீர்மானிப்பது சூடு வெளியேறும் வழி. ஒரு கணக்கைப் பாருங்கள். 100 மி.மீ. விட்டமுள்ள மூன்று ஒற்றைக் கேபிள்கள் முக்கோணமாக ஒட்டி 1.2 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் மீட்டருக்கு 25 வாட் சூடு பிறக்கிறது. சுற்றுமண் 25 டிகிரி. மண்ணின் வெப்பத் தடைத்திறன் 1.0 கெல்வின்-மீட்டர்/வாட் என்றால், ஐஇசி 60287 சமன்பாட்டின்படி கேபிளின் மேற்பரப்பு மண்ணைவிட ஏறத்தாழ 39 டிகிரி சூடேறும். மின்காப்புக்குள் இன்னும் சுமார் 12 டிகிரி. கடத்தி 76 டிகிரியில் நிற்கும், கவலையில்லை. அதே மண் காய்ந்து 2.5-க்குப் போனால் மேற்பரப்பின் ஏற்றம் மட்டும் 97 டிகிரி. கடத்தி 130 டிகிரியைத் தாண்டிவிடும். திருப்பிச் சொன்னால், 1000 ஆம்பியர் என்று நீங்கள் எழுதி வாங்கிய பாதை அந்த மண்ணில் 680 ஆம்பியர்தான் தாங்கும். கேபிளில் எந்தக் குறையும் இல்லாமலேயே இது நடக்கும்.

மண் ஏன் காய்கிறது? கேபிளின் சூடே காயவைக்கிறது. மேற்பரப்பு 50 டிகிரியை ஒட்டிப் போகும்போது பல மண்வகைகளில் ஈரம் கேபிளை விட்டு வெளிப்பக்கம் நகரத் தொடங்கும். ஈரம் போன இடத்தில் காற்று புகுந்து தடை கூடும். தடை கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் இன்னும் ஈரம் போகும். லோடைக் குறைத்தால் ஒழிய இந்தச் சுழற்சி தானாக நிற்காது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1998 ஜனவரி, பிப்ரவரியில் நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த நான்கு 110 கிலோவோல்ட் கேபிள்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, நகர மையம் வாரக்கணக்கில் முடங்கியது. அவை பழைய எண்ணெய், வாயு வகைக் கேபிள்கள், எக்ஸ்எல்பிஇ அல்ல. ஆனால் ஒரு கேபிள் விழுந்ததும் மற்றவற்றின் மேல் லோடு ஏறும் என்பதற்கும், காகிதத்தில் உள்ள ஆம்பியர் பள்ளத்தில் இருக்க வேண்டுமென்பதில்லை என்பதற்கும் அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை. பாதை முழுவதும் 300 முதல் 500 மீட்டருக்கு ஒரு இடத்தில், மண்வகை மாறும் இடங்களில் கூடுதலாக, கேபிள் கிடக்கும் ஆழத்திலேயே ஊசி ஆய்வுமுனையால் வெப்பத் தடைத்திறனை அளந்து, அந்த அறிக்கையை டெண்டருடன் இணையுங்கள். களத்தில் எடுத்த ஒற்றை எண் போதாது. மழைக்குப் பிறகு அளந்தால் எந்த மண்ணும் நல்ல மண்தான். மாதிரியை ஆய்வகத்தில் நனைந்த நிலையிலிருந்து முற்றிலும் காயும்வரை படிப்படியாக அளந்த வளைகோடு வேண்டும். அந்த வளைகோடு எந்த ஈரப்பதத்தில் செங்குத்தாக ஏறத் தொடங்குகிறதோ அதுதான் வடிவமைப்பாளருக்குத் தேவையான செய்தி.

மூடும் மண்ணுக்கும் இதே விதி. கழுவிச் சலித்த, ஒரே பருமனுள்ள மணல் பார்க்க அழகாக இருக்கும். ஒப்பந்ததாரருக்கும் அதுதான் பிடிக்கும். காய்ந்தபின் அதன் மணிகளுக்கிடையே காற்றுத்தான் மிஞ்சும், தடைத்திறன் 2.5, 3 என்று போய்விடும். பருமணியும் சிறுமணியும் நுண்துகளும் கலந்த மணல், இடைவெளிகள் அடைபட்டு, காய்ந்தாலும் சூட்டைக் கடத்தும். 14 பங்கு மணலுக்கு 1 பங்கு சிமெண்ட் என்ற வலுக்குறைந்த கலவை பல நாடுகளில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. சரியாக இறுக்கினால் முழுக்கக் காய்ந்த நிலையிலும் 1.2 அளவில் நிற்கும். "சரியாக இறுக்கினால்" என்பதை அடிக்கோடிடுங்கள். 100 முதல் 150 மி.மீ. அடுக்கடுக்காகப் போட்டு, முக்கோணத்தின் அடிப்பக்க இடுக்குகளில் கையால் குத்தி நிரப்பி, ஒவ்வொரு அடுக்கிலும் அடர்த்தியைச் சோதித்தால்தான் அந்த எண் கிடைக்கும். லாரியிலிருந்து ஒரே மூச்சில் கொட்டி மேலே ரோலர் ஓட்டினால் கிடைக்காது. இறுக்க இடமில்லாத நெருக்கமான பள்ளங்களுக்குத் தானே பாய்ந்து நிரம்பும் வெப்பக் கலவையைக் கேளுங்கள்.

சாலையையோ ஆற்றையோ கடக்கக் கிடைமட்டத் துளையிடும்போது கணக்கு வேறாகிறது. அதே மூன்று கேபிள்களை 10 மீட்டர் ஆழத்தில் வைத்தால், மண்ணின் தடைத்திறன் மாறாமலேயே வெளிப்புற வெப்பத்தடை மூன்றில் இரண்டு பங்கு கூடும். மின்னோட்டத் திறன் சுமார் 82 விழுக்காட்டுக்கு இறங்கும். குழாய்க்குள் காற்று இருந்தால் இன்னும் மோசம். ஆழமான இடம் முழுச் சூட்டை எட்ட மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால் முதல் கோடையில் எதுவும் தெரியாது. மொத்தப் பாதையில் 200 மீட்டர்தான் துளை என்றாலும் பாதையின் திறன் அந்த 200 மீட்டர்தான். அங்கே ஃபேஸ்களை (மும்முனை மின்சாரத்தின் மூன்று கேபிள்களை)த் தனித்தனித் துளையில் விலக்கிப் போடுவதா, குழாயைப் பெண்டோனைட் களிமண் கலவையால் நிரப்புவதா, அந்தத் துண்டுக்கு மட்டும் பெரிய கடத்தி போடுவதா என்பதை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். டெண்டர் முடிந்து, டிரம்கள் வந்து இறங்கிய பின் "இங்கே திறந்த பள்ளத்துக்கு அனுமதியில்லை, துளையிட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு கடிதம் வரும். அந்த ஒரு கடிதம் திட்டத்தின் ஆம்பியரை வெட்டிவிடுகிறது.

ஒற்றை ஃபேஸ் கேபிளை இரும்புக் குழாய்க்குள் தனியாக நுழைக்காதீர்கள், இரும்புப் பட்டையால் சுற்றிப் பிடிக்காதீர்கள் என்று இன்னமும் எழுத வேண்டியிருக்கிறது. மூடிய காந்த வளையம் எங்கிருந்தாலும் சூடாகும்.

அடுத்தது உலோக உறையின் பிணைப்பு, அதாவது உறைகளை ஒன்றோடொன்றும் எர்த்தோடும் இணைக்கும் முறை. டெண்டரில் "கிராஸ் பாண்டிங் செய்க" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிற விஷயம்.

கடத்தியில் ஓடும் மின்னோட்டம் சுற்றியுள்ள உறையில் மின்னழுத்தத்தைத் தூண்டும். முக்கோண அமைப்பில், உறையின் சராசரி விட்டம் 85 மி.மீ. என்றால், 50 ஹெர்ட்ஸில் 1000 ஆம்பியருக்குக் கிலோமீட்டருக்கு சுமார் 54 வோல்ட். அதே கேபிள்களை 300 மி.மீ. இடைவெளியில் படுக்கையாகப் பரப்பினால் நடுக் கேபிளில் சுமார் 123 வோல்ட். ஓரங்களில் இன்னும் அதிகம். பரப்பிவைத்தால் சூடு நன்றாகப் பிரியும், உறை மின்னழுத்தம் ஏறும், ஒட்டிவைத்தால் நேர்மாறு. இரண்டு முனையிலும் உறையை எர்த் செய்துவிட்டால் மின்னழுத்தம் இறங்கும், ஆனால் உறையில் மின்னோட்டம் சுற்றிச்சுற்றி ஓடி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய செம்பின் திறனைத் தின்றுவிடும். அதனால்தான் ஒரு பெரும்பகுதியை மூன்று சம நீளச் சிறுபகுதிகளாகப் பிரித்து, சந்திகளில் உறைகளை மாற்றி இணைத்து (இதுதான் கிராஸ் பாண்டிங்), மூன்று ஃபேஸ்களின் மின்னழுத்தமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்படி செய்கிறோம்.

இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். தலா 800 மீட்டர் கொண்ட மூன்று சிறுபகுதிகள். முதல் லிங்க் பாக்ஸில், அதாவது உறைகளை மாற்றி இணைக்கும் பெட்டியில், உறையின் வழி ஏ ஃபேஸிலிருந்து பி-க்கு மாறுகிறது. இரண்டாவதில் பி-யிலிருந்து சி-க்கு மாற வேண்டும். இரண்டாவது பெட்டியில் மட்டும் பட்டைகளைத் தலைகீழாக மாட்டிவிட்டால் உறையின் வழி ஏ, பி, மீண்டும் ஏ என்றாகிவிடும். பூஜ்யமாக வேண்டிய கூட்டுத்தொகை, ஒரு சிறுபகுதியின் மின்னழுத்தத்தைப் போல் 1.73 மடங்காக நிற்கும்: 43 வோல்ட்டுக்கு 75 வோல்ட். பெரும்பகுதியின் இரு முனையும் எர்த்தில் இருப்பதால் அந்த 75 வோல்ட் தாராளமாக மின்னோட்டத்தை ஓட்டும். எந்த ரிலேயும் கத்தாது, உயர் அழுத்தச் சோதனையிலும் தெரியாது. கேபிள் சத்தமில்லாமல் சூடாகிக்கொண்டிருக்கும். ஜாயிண்டிலிருந்து (இரு கேபிள் துண்டுகளை இணைக்கும் இடத்திலிருந்து) பெட்டிக்கு வரும் கோஆக்சியல் வயரின் உள்வயரையும் வெளிவயரையும் ஒரு ஜாயிண்டில் மட்டும் மாற்றி முடிந்தாலும் இதே வகைத் தொல்லைதான்.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. ஒரு முனையில் மூன்று ஃபேஸையும் சேர்த்துக் கட்டி, மறுமுனையில் தாழ்வழுத்த மூன்று ஃபேஸ் மூலத்தால் 100 ஆம்பியர் அளவு செலுத்தி, ஒவ்வொரு பெட்டியிலும் உறை மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்து, முழு லோடுக்குப் பெருக்கிக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். இந்தச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். ஒவ்வொரு லிங்க் பாக்ஸுக்கும் தனி வரைபடம் கேளுங்கள். "மாதிரிப் படம்" ஒன்றைப் பாதை முழுவதற்கும் ஒட்டவிடாதீர்கள். பிணைப்பு வயரின் நீளம் 10 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மின்னல் அல்லது சுவிட்சிங் அலை வரும்போது உறைக்காப்புக்கு இடையே எழும் மின்னழுத்தத்தைச் சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின்னழுத்த உயர்வைத் தணிக்கும் கருவி) கட்டுப்படுத்த முடியாது. சிறுபகுதிகள் 800, 800, 600 என்று வந்தால் மிச்ச மின்னோட்டம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். குழி தோண்ட இடம் கிடைக்கவில்லை என்பதால் நீளங்கள் மாறுவது இயல்பு. கணக்கு மாறாமல் இருப்பதுதான் தவறு.

கேபிள் இழுப்புக்கு வருவோம். 2000, 2500 சதுர மி.மீ. செம்புக் கேபிள் மீட்டருக்கு 35 கிலோ அளவில் எடையுள்ளது. செம்புக்கு சதுர மி.மீ.க்கு 50 நியூட்டன் இழுவிசை அனுமதி என்ற விதியை வைத்து, "100 கிலோநியூட்டன் வரை தாங்கும், 500 மீட்டர் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். முதலில் நசுங்குவது வளைவில்தான். 500 மீட்டர் பாதை, ஒரு முனையிலிருந்து 100 மீட்டரில் 90 டிகிரி வளைவு, ஆரம் 3 மீட்டர், உருளைகள் மேல் உராய்வுக்கெழு 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மை வளைவுக்கு அருகே உள்ள முனையில் நிறுத்தினால் வளைவைத் தாண்டும்போது இழுவிசை 9.4 கிலோநியூட்டன், பக்க அழுத்தம் மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் சொச்சம், கடைசியில் வின்ச்சில் 37. டிரம்மை மறுமுனையில் வைத்தால் வளைவில் 37.6, பக்க அழுத்தம் 12.5, வின்ச்சில் 44. வின்ச்சின் மீட்டரைப் பார்க்கிறவருக்கு 37-க்கும் 44-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வளைவில் கிடக்கும் கேபிளுக்கு அது நான்கு மடங்கு. டிரம்மை எந்த முனையில் நிறுத்துவது என்பதை லாரி திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யும் வழக்கத்தை, இந்தக் கணக்கைக் கேட்பதன் மூலம் நீங்கள் ஒரே வரியில் நிறுத்திவிடலாம்.

இழுத்து முடித்த அன்றே வெளியுறையைச் சோதிக்க வேண்டும். ஐஇசி 60229 படி உறைத் தடிமனின் ஒரு மி.மீ.க்கு 4 கிலோவோல்ட், உச்சம் 10 கிலோவோல்ட், நேர்மின்னோட்டத்தில் ஒரு நிமிடம். மூடிய பின் ஒருமுறை, ஜாயிண்ட்கள் முடிந்தபின் இன்னொருமுறை. முனைகளில் கிராஃபைட் பூச்சைச் சிறிது நீளத்துக்குச் சுரண்டாவிட்டால் நல்ல கேபிளும் தோற்கும். லிங்க் பாக்ஸில் சர்ஜ் அரெஸ்டரைக் கழற்றாவிட்டால் அதுதான் முதலில் போகும். வெளியுறையில் ஒரு கல் குத்திய ஓட்டை அற்பமாகத் தெரியலாம். அதன் வழியே நீர் புகுந்து அலுமினிய உறையை அரிக்கும், கிராஸ் பாண்டிங்கில் தவறான இடத்தில் எர்த் விழும்.

ஜாயிண்ட் பற்றிச் சுருக்கமாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். தொழிற்சாலையில் சோதித்த ரப்பர் உடல் வந்துவிடுவதால் ஜாயிண்ட் எளிதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்த ரப்பர் உட்காரும் மேற்பரப்பு இன்னமும் கையால்தான் உருவாகிறது. டிரம்மில் சுருண்டுகிடந்த கேபிள் முனையைச் சுமார் 80 டிகிரியில் மணிக்கணக்கில் சூடாக்கி, நேர்ப்பட்டையில் கட்டி ஆறவிட வேண்டும். வளைவு நிமிர்வதோடு, மின்காப்பில் உறைந்திருக்கும் இழுவிசையும் தணியும்; தணியாவிட்டால் பின்னாளில் மின்காப்பு பின்வாங்கி, கடத்திகளை இணைக்கும் உலோகக் குழலான ஃபெரூல் பக்கம் இடைவெளி விழும். பிறகு வெளி அரைக்கடத்தி அடுக்கை உரித்து, அது முடியும் இடத்தைப் படியில்லாமல் சரிவாக இறக்க வேண்டும். 240-இல் தொடங்கி 400, 600 என்று மெருகுத்தாளில் ஏற வேண்டும். விட்டத்தைப் பல இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து, ரப்பர் உடலின் அனுமதி எல்லைக்குள் இருக்கிறதா என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். துடைக்கும் துணி மின்காப்பிலிருந்து அரைக்கடத்தியை நோக்கி மட்டுமே போக வேண்டும். திரும்பி வந்தால் கரித்துகளை மின்காப்பின் மேல் இழுத்துக்கொண்டு வரும். உரிக்கும் கத்தி விட்ட ஒரு கீறல், ரப்பருக்கு அடியில் ஒரு தூசி, குறியைவிட ஒருபக்கம் தள்ளி உட்கார்ந்த உடல் என இவற்றில் ஏதேனும் ஒன்று போதும், பகுதி மின்கசிவு (மின்காப்பின் சிறு குறையில் எழும் நுண் மின்பொறி) தொடங்க.

அதற்குச் சுமார் 10 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் உள்ள குழி, கான்கிரீட் தரை, மூடிய கூடாரம், ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தும் கருவி, நீர் இறைக்கப் பம்பு ஆகியவற்றைத் தனி இனமாக விலைப்பட்டியலில் போடுங்கள். "ஜாயிண்ட் விலையில் அடக்கம்" என்று எழுதினால் கூடாரம் தார்ப்பாய் ஆகிவிடும். தாமத அபராதக் கணக்கிலிருந்து ஜாயிண்ட் நாட்களைக் கழித்துவிடுங்கள். ஜாயிண்டரின் சான்று, அதே தயாரிப்பாளரின் அதே வகை ஜாயிண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். "அனுபவமுள்ளவர்" என்பது சான்றாகாது. குழியின் இருபுறமும் கேபிளைக் கவ்விப் பிடிக்கும் ஏற்பாட்டையும் கேளுங்கள். 500 மீட்டர் செம்பு 65 டிகிரி சூடேறினால், தடையில்லாதபோது அரை மீட்டருக்கு மேல் நீளும். இறுக்கிய மண்ணில் அது நீளாது, உந்தும். குழாயிலிருந்து வெளிவரும் இடத்திலோ நேராக ஜாயிண்டின் மேல் வந்து மோதும்.

முடிவுச் சோதனைக்கு ஐஇசி 62067 சொல்வது, 220 கிலோவோல்ட் பாதைக்கு 180 கிலோவோல்ட் மாறுமின்னோட்டம், ஒரு மணி நேரம். கிலோமீட்டருக்கு 0.2 மைக்ரோஃபாரட் கொண்ட 10 கிலோமீட்டர் கேபிளை 50 ஹெர்ட்ஸில் அப்படி ஏற்ற 113 ஆம்பியர், 20 எம்விஏ (மெகாவோல்ட்-ஆம்பியர்) வேண்டும். அதனால்தான் 20 முதல் 300 ஹெர்ட்ஸுக்குள் அதிர்வெண்ணை மாற்றி ஒத்திசைவில் இயங்கும் கருவி வருகிறது. அது நிற்க இடம், முனையில் இணைக்கத் தூரம், கருவிக்கான முன்பதிவு மூன்றையும் திட்ட அட்டவணையில் இப்போதே எழுதுங்கள். கருவி கிடைக்கவில்லை என்பதற்காக நேர்மின்னோட்டத்தால் மின்காப்பைச் சோதிப்பதையோ, மின்னமைப்பின் வழக்கமான மின்னழுத்தத்தில் 24 மணி நேரம் விட்டுவிட்டுக் கைகுலுக்குவதையோ வழக்கமாக்காதீர்கள். முன்னது எக்ஸ்எல்பிஇ-யில் மின்னேற்றத்தைத் தேக்கும். பின்னது ஜாயிண்டில் உள்ள சிறு குறையைக் காட்டாமல் போகலாம். சோதனையின்போது ஒவ்வொரு ஜாயிண்டிலும் உணரி வைத்துப் பகுதி மின்கசிவை அளக்கச் சொல்லுங்கள்.

நீண்ட பாதைகளுக்கு ஒரு சொல். மேலே சொன்ன கேபிள் 220 கிலோவோல்ட்டில் கிலோமீட்டருக்கு 8 ஆம்பியர், ஏறத்தாழ 3 எம்விஏஆர் (ரியாக்டிவ் திறனின் அலகு) மின்னேற்றம் இழுக்கும். 40 கிலோமீட்டருக்கு 120 எம்விஏஆர். அதை ஈடுகட்ட ஷண்ட் ரியாக்டர் என்ற பெரிய கம்பிச்சுருளைப் போடுவீர்கள்; ஈடு பாதிக்கு மேல் போய், ரியாக்டரும் கேபிளும் ஒன்றாகச் சுவிட்ச் ஆனால், சில சுழற்சிகளுக்கு மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடாமல் போகும்; அந்த நேரத்தில் பிரேக்கர் திறந்தால் அணைக்க முடியாது. இந்த ஆய்வைப் பிரேக்கர் வாங்கும் முன் முடித்துவிடுங்கள்.

மேல்நிலைக் கம்பி அறுந்தால் ஓரிரு நாளில் கட்டிவிடலாம். நிலத்தடியில் பழுதான இடத்தைக் கண்டுபிடித்து, தோண்டி, ஒரு துண்டு கேபிளும் இரண்டு ஜாயிண்டும் போட்டு, மீண்டும் சோதித்து முடிக்க வாரங்கள் ஆகும். உதிரி கையில் இல்லாவிட்டால் மாதங்கள். ஒவ்வொரு திட்டத்திலும் மிக நீண்ட சிறுபகுதி அளவுக்கு ஒரு டிரம் கேபிள், இரு முனையும் மூடி அடைத்து; ஒரு ஃபேஸுக்கு மாற்றும் அளவு ஜாயிண்ட்; ஒரு டெர்மினேஷன் (கேபிள் முனை இணைப்பு) ஆகியவற்றை உதிரியாகச் சேருங்கள். ஜாயிண்ட் பெட்டிக்குள் இருக்கும் பிசின், நாடா, கிரீஸ் ஆகியவற்றுக்குக் காலாவதி தேதி உண்டு. அவற்றை மாற்றும் பொறுப்பு யாருக்கு என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். கேபிள் பதித்தபடியே வரைந்த வரைபடத்தில் ஒவ்வொரு ஜாயிண்டின் இடமும் ஆழமும், ஒவ்வொரு லிங்க் பாக்ஸின் பிணைப்பும், உறையோடு போகும் வெப்ப உணர் ஃபைபரின் நீளக் குறியும் தரை அடையாளங்களோடு பொருந்தி இருக்க வேண்டும். வெப்பத்தைக் காட்டும் திரையில் "7,340 மீட்டர்" என்று சிவப்பு விழும்போது, அது எந்தக் குழி என்று தேட ஒரு வாரம் ஆகக் கூடாது.

இப்படிக்கு,
நிலத்தடி உயர் அழுத்தக் கேபிள் வடிவமைப்பு, பதித்தல், இணைப்புப் பணிகளில் உள்ள பொறியாளர்களும் ஜாயிண்டர்களும்